ஐஸ் ரூம் லைன்

பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொன்னதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும், அடுத்த தடவை கேட்டாலும் அதே மாதிரி சொல்ல வேண்டும். பஞ்சநாதனிடம் அந்தத் தெம்பு கிடையாது. ஐம்பத்தாறு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தாயிற்று. வீட்டில் சர்க்கரை வியாதியோடு மனைவி. ஒரு வார்த்தை மிச்சமாகிறது என்றால் அதைப் பேசாமல் விட்டுவிடுகிற மனிதர். அதனால் அவர் சொன்னதை அப்படியே நம்பலாம். நடந்ததுதான். இருட்டில் நடந்தது என்றால் கேட்பதற்கு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது பட்டப்பகலில். சித்திரை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில்.

காரைக்காலில் லாட்ஜ், கடை, ஆஸ்பத்திரி எங்கே இன்ட்டர்காம் மக்கர் செய்தாலும் பஞ்சநாதனைத்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் ராத்திரி அவர் திருநள்ளாற்றில் இருந்தார். சனிக்கிழமைக் கூட்டம் வரப்போகிற நேரத்தில் ஒரு லாட்ஜில் கேமரா மொத்தமும் படுத்துவிட்டது. அதைச் சரிபண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து தலையைச் சாய்க்கும்போது சேவல் கூவிவிட்டது. கண்ணை மூடினாரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. அதற்குள் வாசலில் ஆரன் சத்தம்.

காஜா நஜ்முதீன். நாலு வருஷமாக அவரோடு கூட்டுத் தொழில் செய்கிறவன். நாற்பது வயது. கை வேகம். வாய் அதைவிட வேகம்.

"என்னண்ணே, சனி பகவான் ராத்திரி பூரா புடிச்சு வச்சுக்கிட்டாரா?"

"அவரு விட்டாரு. நீதான் இப்ப புடிச்சிருக்க. வண்டிய எடு."

அன்றைக்கு வேலை கீழவாஞ்சூர் போகிற சாலையில். துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் ஓயாமல் போகிற இடம். அங்கே ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி ரொம்ப நாளாக மூடிக் கிடந்தது. இறாலைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி. அதை யாரோ வாங்கி குடோன் ஆக்கப்போகிறார்கள். திங்கட்கிழமை சுவரை உடைக்க ஆள் வருகிறது. அதற்குள் எல்லா லைனும் வந்து சேருகிற பழைய டெலிபோன் பெட்டி, அறைக்கு அறை இருக்கிற போன்கள், ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

பஞ்சநாதனே கேட்டு வாங்கிய வேலை அது. அதே மாதிரிப் பெட்டிதான் திருநள்ளாற்றில் மூன்று லாட்ஜ்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கிற சர்க்யூட் அட்டைகளை இப்போது யாரும் தயார் செய்வதில்லை. ஒன்று போனால் எங்கேயும் கிடைக்காது. அதனால் உடைக்காமல், எரிக்காமல், பூப்பறிக்கிற மாதிரி எடுக்க வேண்டும்.

வாங்கியவர்களின் சூப்பர்வைசர் குணசேகரன் எட்டரைக்குச் சாவியோடு காத்திருந்தார். கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். முன்பக்கம் ஆபீஸ். அதற்குப் பின்னால் இறால் உரிக்கிற நீளக் கூடம். கூடத்தின் கடைசியில் ஐஸ் ரூம். பொட்டி பொட்டியாக மீனைப் போட்டு வைக்கிற பெரிய உறைபனி அறை. இரண்டு ஆள் அகலத்துக்கு, சாண் கனத்தில் ஒரு கதவு.

"இந்தக் கதவு வித்தாச்சு சார்," என்றார் குணசேகரன். "ஞாயித்துக்கிழமை நாகப்பட்டினத்துலேருந்து கழட்ட வர்றாங்க. இதுல மட்டும் ஒரு கீறல் விழக் கூடாது. உள்ளேருந்து தள்ளித் தொறக்குற கைப்பிடி போயிருச்சு. அதான் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கேன். அவுத்துறாதீங்க. சாத்திக்கிச்சுன்னா வெளியேருந்து யாராவது வந்துதான் தொறக்கணும்."

"மிஷினெல்லாம்?"

"கம்ப்ரஸர் எல்லாம் எப்பவோ போயிருச்சு. இப்ப அது வெறும் ரூமு."

சாவியைக் கொடுத்துவிட்டு அவர் புறப்பட்டுப் போனார்.

பஞ்சநாதனுக்கும் காஜாவுக்கும் ஒரு முறை உண்டு. பஞ்சநாதன் ஆபீஸில் பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். முழங்காலுக்கும் அது வசதி. காஜா அறை அறையாகப் போவான். போனை எடுப்பான். ஆபீஸ் மேஜைமேல் இருக்கிற ஆப்பரேட்டர் போன் அடிக்கும். காஜா அந்த அறையின் நம்பரைச் சொல்வான். பஞ்சநாதன் "சரி, கழட்டு" என்பார். அவன் சுவரிலிருந்து போனைக் கழற்றுவான். இவர் இங்கே அந்த லைனின் ஒயரை உருவி எடுப்பார். ஒரு லைன் செத்தது. அடுத்தது. எந்த ஒயர் எந்த அறை என்று பின்னால் குழம்பாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அன்றைக்கு காஜா கடைசிக் கோடியிலிருந்து ஆரம்பித்தான். அதனால் முதல் போன் ஐஸ் ரூமிலிருந்து வந்தது.

"பதினாறு."

ஒரு மூச்சு விட்டு மறுபடியும், "பதினாறு."

"ஒரு தடவ சொன்னா போதும் காஜா. காது நல்லாத்தான் இருக்கு."

"ஒரு தடவதாண்ணே சொன்னேன்."

பஞ்சநாதன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய லைன். எதிரொலி வரும். பின்னாலேயே ஏதோ 'ம்ம்ம்' என்று ஓடுகிற சத்தமும் இருந்தது.

"என்னா மிஷின் ஓடுது அங்க?"

"இங்க என்னா ஓடுது? பல்லிதான் ஓடுது. லாரி சத்தமா இருக்கும்ணே."

"சரி, கழட்டு."

காஜா கழற்றினான். பஞ்சநாதன் ஒயரை உருவிக் கீழே போட்டார். அன்றைக்கு வெட்டிய முதல் லைன் அதுதான். இதை அவர் பிற்பாடு பல பேரிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டு மணிக்குள் பதினாறு போன்களும் சாக்குக்குள் வந்துவிட்டன. பஞ்சநாதன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பேட்டரியைக் காஜா தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான். பெட்டியில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்குகள் அணைந்தன. இனி உட்கார்ந்து செய்கிற வேலைதான் பாக்கி. பெட்டியின் பின்பக்கத்து ஒயர்களை நிறம் பிரித்துக் கொத்துக் கொத்தாகக் கட்ட வேண்டும்.

காஜா முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, தொப்பியை எடுத்தான்.

"ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துர்றேன்ணே. வரும்போது சாப்பாடு வாங்கியாறேன். வஞ்சிரமா, கொடுவாவா?"

"காலையிலேருந்து மீன் நாத்தத்துலயே உக்காந்திருக்கேன். சாம்பார் சாதம் வாங்கியா."

"காரைக்கால்ல பொறந்துட்டு மீன் நாத்தம்ங்கிறீங்க. வெளிய சொல்லிறாதீங்க, ரேஷன் கார்ட புடுங்கிருவாங்க." வாசல் வரை போனவன் திரும்பினான். "என் பெரிய ஸ்குரூ டிரைவர ஐஸ் ரூம்லயே விட்டுட்டேன். வந்து எடுத்துக்குறேன்."

பைக் சத்தம் சாலையில் போய் லாரி சத்தத்தோடு கலந்தது.

மின்விசிறி இல்லை. ஜன்னலில் நிலக்கரித் தூசி அப்பியிருந்தது. பஞ்சநாதனுக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. நீலம், வெள்ளை. ஆரஞ்சு, வெள்ளை. பச்சை, வெள்ளை. ஒவ்வொரு கொத்தைக் கட்டி முடிக்கும்போதும் தலை ஒரு தடவை முன்னால் விழுந்து நிமிர்ந்தது.

ஒன்றேகால் இருக்கும்.

ட்ரிங்...

ஒற்றை மணி. அந்தப் பெட்டியில் வெளியிலிருந்து வந்தால் இரட்டை மணி, உள்ளிருந்து வந்தால் ஒற்றை மணி.

ட்ரிங்...

பஞ்சநாதனின் கை தானாகப் போய் மேஜைமேல் இருந்த போனை எடுத்தது. முப்பது வருஷப் பழக்கம். மணி அடித்தால் கை எடுக்கும். யோசனை பின்னால்தான் வரும். அன்றைக்கு அது ரொம்பப் பின்னால் வந்தது.

"அண்ணே..."

"சொல்லு."

"ஐஸ் ரூம்லேருந்து பேசுறேன். கதவு சாத்திக்கிச்சு. உள்ள கைப்பிடி வேலை செய்யல."

பஞ்சநாதனுக்குச் சுள்ளென்று வந்தது. படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார் குணசேகரன். இவன் ஸ்குரூ டிரைவரை எடுக்கப் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டான். தொழுகைக்குப் போனவன் அதற்குள் திரும்பிவிட்டானா என்றுகூட அவர் கேட்கவில்லை. அவருக்குக் கவலையெல்லாம் கதவைப் பற்றி.

"உதைச்சியா?"

"இன்னும் இல்லண்ணே. இங்க கோடாலி ஒண்ணு மாட்டியிருக்கு. அத வச்சு..."

"அய்யய்யோ, கை வச்சிறாத. வித்த கதவு அது. ஒரு கீறல் விழக் கூடாது. பேசாம அப்படியே உக்காரு காஜா. நான் இதோ வர்றேன்."

"சரிண்ணே."

போனை வைத்தார்.

வைத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. இதில் அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது. ரிப்பேர் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் "இதோ வர்றேன்" என்றுதான் சொல்வார்கள். வீட்டில் பல் துலக்கிக்கொண்டே சொல்வார்கள். அதற்குக் கைவேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றுதான் பொருள், சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். மிஷின் இல்லாத வெறும் அறை. உள்ளே பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. கையில் பாதி பிரித்த கொத்து. இப்போது விட்டால் நிறம் குழம்பிவிடும். முழங்கால் வேறு எழுந்திருக்காதே என்றது.

நீலம், மஞ்சள். ஆரஞ்சு, மஞ்சள்.

ட்ரிங்...

"அண்ணே, வர்றீங்களா?"

குரல் நடுங்கியது. வார்த்தைக்கு நடுவில் பல் தந்தி அடிக்கிற சத்தம் கேட்டது.

"என்னடா, குளிருதா?"

"ஆமாண்ணே."

பஞ்சநாதன் சிரித்துவிட்டார். "அக்னி நட்சத்திரத்துல குளிருதாம்ல! குடுத்து வச்சவன்டா நீ. நான் இங்க வெந்துக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. காஜாவாக இருந்தால் இதற்கு ஒன்பது பதில் சொல்லியிருப்பான். பின்னால் 'ம்ம்ம்' என்ற சத்தம் மட்டும். காலையில் கேட்ட அதே சத்தம். இப்போது கொஞ்சம் கிட்டத்தில்.

"நின்னா தலைய சுத்துதுண்ணே."

"அதான் உக்காருன்னேன்ல. வந்துக்கிட்டே இருக்கேன்."

"சரிண்ணே... நீங்க சொன்னீங்கன்னுதான் உக்காந்திருக்கேன்."

வைத்தார்.

கொஞ்ச நேரம் கையில் ஒயர் ஓடவில்லை. ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. தூக்கமில்லாத மண்டை. சேற்றில் கால் வைக்கிற மாதிரி ஒவ்வொரு யோசனையும் இழுத்து இழுத்து வந்தது.

காஜா அத்தனை மெதுவாகப் பேச மாட்டான்.

பைக் வந்த சத்தமும் கேட்கவில்லையே...

சரி, போய்ப் பார்த்துவிடலாம். இந்த ஒரு கொத்தை மட்டும் கட்டிவிட்டு.

பச்சை, மஞ்சள்.

ட்ரிங்...

எடுத்தார். சத்தம் மட்டும். ம்ம்ம்...

"காஜா?"

"..."

"காஜா!"

"இப்ப குளிரலண்ணே." குரல் எங்கேயோ கீழேயிருந்து வந்தது. அதில் நடுக்கம் இல்லை. தூங்கப்போகிற குழந்தை பேசுகிற மாதிரி இருந்தது. "நல்லா இருக்கு. தூக்கம் வருது. கதவுல கை வைக்கல... நீங்க வந்து எழுப்புங்க."

அவ்வளவுதான்.

பஞ்சநாதன் போனைக் காதில் வைத்தபடியே பெட்டியைப் பார்த்தார்.

பச்சை விளக்கு ஒன்றும் எரியவில்லை.

பிளக்... அவர் காலடியில் கிடந்தது. அவரே பிடுங்கிப் போட்டது.

பேட்டரி வண்டியில்.

அந்தப் பெட்டி செத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

ஐஸ் ரூம் ஒயர்... காலையில் முதலில் உருவிய ஒயர்... குப்பையில் அடியில் கிடந்தது.

ஐஸ் ரூம் போன்... சாக்குக்குள். பதினாறோடு பதினாறாக.

காதில் இன்னும் அந்தச் சத்தம்.

ம்ம்ம்...

போனை விட்டார். அது மேஜை விளிம்பில் தொங்கி ஆடியது.

அவர் வாசல் பக்கம் ஓடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் இரண்டு தடவை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு ஆள் உள்ளே இருக்கிறான். பேயோ மனுஷனோ, தூங்கப்போகிறான். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு அவர் கூடத்துக்குள் ஓடினார்.

நீளக் கூடம். கடைசியில் ஐஸ் ரூம்.

கதவு விரியத் திறந்திருந்தது.

குணசேகரன் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. முடிச்சின்மேல் தூசி.

உள்ளே அடுப்பு மாதிரி அனல். காலி அறை. சுவரில் போன் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை. வெட்டிய ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

கோடாலி இல்லை. அது மாட்டியிருந்த கொக்கி மட்டும் துருப்பிடித்து இருந்தது.

போனில் வந்த அந்தக் குரலைத் தவிர, கோடாலியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தரையில் காஜாவின் ஸ்குரூ டிரைவர்.

குனிந்து எடுத்தார்.

விரல் அதில் ஒட்டிக்கொண்டது.

ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கம்பி மாதிரி. மேலே வெள்ளையாக ஒரு படலம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகி, சொட்டி...

தூரத்தில், ஆபீஸில்...

ட்ரிங்...

போன் தொங்கிக்கொண்டிருக்கிறது. தொங்குகிற போன் எப்படி அடிக்கும்?

ட்ரிங்...

அவர் போகவில்லை.

அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு நின்றுவிட்டது.

காஜா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தபோது பஞ்சநாதன் கேட்டுக்கு வெளியே, வெயிலில், மண்ணில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. முகமெல்லாம் கரித்தூசி.

"என்னண்ணே, இப்படி உக்காந்திருக்கீங்க?"

"எங்கடா போன?"

"பள்ளிவாசலுக்கு. சொல்லிட்டுத்தானே போனேன்." அவரைத் தூக்கிவிடக் கையைப் பிடித்தவன் சட்டென்று விட்டான். "கை என்னாண்ணே இப்படிச் சில்லுனு இருக்கு? மயக்கம் கியக்கம் வந்துச்சா?"

சாம்பார் சாதத்தை இரண்டு பேருமே தொடவில்லை. பாக்கி வேலையை காஜா தனியாகப் போய் முடித்தான். அவன் கேட்டானாம், தொங்குகிறது என்று இவர் சொன்ன ஆப்பரேட்டர் போனை அத்தனை அழகாக மேஜைமேல் எடுத்து வைத்தது யார் என்று.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. ஏற்கெனவே களைத்துப்போன மனிதர். இப்போது படுத்தால் கண் மூடாது. மூடினால் அந்தக் குரல். நீங்க வந்து எழுப்புங்க. அவரைப் பயம் தின்னவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தைவிட அதிகமாக வேறொன்று தின்றது. உள்ளே இருந்தவன் யார்? அவனை யாராவது எழுப்பினார்களா? இது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

குணசேகரனைக் கேட்டார். "நாங்க வாங்குனது நெலம் சார், கதை இல்ல," என்று சொன்னவர், மனசு கேட்காமல் ஒரு நம்பரைக் கொடுத்தார். கம்பெனி ஓடிய காலத்தில் அங்கே வாட்ச்மேனாக இருந்தவர், கோட்டுச்சேரிமேட்டுக்காரர், செல்லையன் என்று பெயர்.

ஒரு காலையில், மனைவிக்கு ஊசி போட்டுவிட்டு, பஞ்சநாதன் அந்த நம்பருக்கு அடித்தார்.

"வணக்கங்க. நான் காரைக்கால் டவுன்லேருந்து பேசுறேன். வாஞ்சூர் ரோட்டு மீன் கம்பெனியில போனெல்லாம் கழட்டுன ஆளு. அங்க ஐஸ் ரூம்ல எப்பவாவது ஏதாவது நடந்துச்சுங்களா?"

அந்தப் பக்கம் பின்னால் கடல் இரைச்சல் கேட்டது.

"நடந்துச்சுங்க," என்றார் செல்லையன். "எட்டு வருசம் ஆவுது. மாங்கனித் திருவிழா அன்னிக்கு."

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதைச் சேர்த்தால் இதுதான். திருவிழாவுக்குக் கம்பெனி லீவு. சாமி ஊர்வலத்தில் மாம்பழம் இறைப்பதைப் பார்க்க எல்லோரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். கேட்டில் செல்லையன் மட்டும். மிஷின் ஆப்பரேட்டர் தெட்சிணாமூர்த்தி, ஐஸ் ரூமில் குளிர் சரியாக நிற்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போக வந்தவன். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் காலையில்தான் திறந்தார்கள்.

"போன் இருந்துச்சேங்க உள்ள," என்றார் பஞ்சநாதன்.

"இருந்துச்சு. அடிச்சிருக்கான். வாசல் கேட்டு போனும் ஐஸ் ரூம் போனும் ஒரே லைனுங்க, நீங்க கழட்டுறப்ப பாத்திருப்பீங்க. அவன் அடிச்சா எனக்கும் லேசா 'டிங்'குன்னு கேக்கும். எடுத்தேன். அதுக்குள்ள ஆபீஸ்லேருந்து யாரோ எடுத்துப் பேசிக்கிட்டு இருந்தாங்க. உள்ள மாட்டிக்கிட்டேன்னு இவன் சொல்றான். அவரு, இதோ வர்றேன்னு சொல்றாரு. அப்பறம் எனக்கு என்னா வேலை? ஆளு போறாருன்னு வச்சுட்டேன்."

"ஆபீஸ்ல யாரு இருந்தா?"

"யாரும் இல்லீங்க. ஆபீஸ் பூட்டியிருந்துச்சு. சாவி மேனேஜர் வீட்டுல. அது மறுநாள்தான் எனக்குத் தெரியும்."

பஞ்சநாதன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நானும் போலீஸ்ல சொன்னேன். நம்பல. அந்தாளு பேசுனதும் ஒண்ணும் ஒட்டவே இல்லீங்க. வித்த கதவு, கீறக் கூடாதுங்கிறாரு. கம்பெனி ஓடிக்கிட்டு இருக்கு, எந்தக் கதவ வித்தாங்க? அவன காஜாங்கிறாரு. எங்க கம்பெனியில காஜான்னு ஒருத்தரும் கெடையாது. குளிருல அவன் அதையெல்லாம் கவனிக்கலபோல. சரிண்ணே சரிண்ணேன்னான். மறுநாள் பாத்தா, கதவுல ஒரு கீறல் இல்லீங்க. பக்கத்துலயே கோடாலி. கையே வைக்கல. போன மடியில வச்சுக்கிட்டு, சம்மணம் போட்டு, வாசல பாத்தாப்புல உக்காந்திருந்தான். அவன் பொண்டாட்டி தையல்நாயகி அதத்தான் கேட்டுக் கேட்டு அழுதுச்சு. என் புருசன் ஏன் கதவ தட்டக்கூட இல்லன்னு."

அந்த வருஷம் பஞ்சநாதன் குவைத்தில் இருந்தார். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. மாங்கனித் திருவிழா அன்றைக்கு அதைப் பற்றிக் கேட்டு வீட்டுக்குப் போன் பண்ணியதுகூட அவருக்கு நினைவில் இருக்கிறது.

"ஹலோ," என்றார். "அவரு... அப்பறம் யாராவது அவர..."

"கொஞ்சம் இருங்க," என்றார் செல்லையன்.

கடல் இரைச்சல் நின்றது. எழுந்து வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இதோ வர்றேன். அந்த வார்த்தைய ஒரு தடவ சொல்லுங்க."

"எத?"

"சும்மா சொல்லுங்க."

பஞ்சநாதனுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெம்பில்லை.

"இதோ... வர்றேன்."

வைத்துவிட்டாரோ என்று பஞ்சநாதன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

பிறகு செல்லையன் பேசினார். கோபமாகப் பேசவில்லை. பயந்தும் பேசவில்லை. எட்டு வருஷமாகக் கேட்க ஆள் கிடைக்காமல் அலுத்துப்போன மனிதர் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"ஏங்க வரல?"